பூச்சி மருந்து நாளில் சாவுத் தப்பு

பெரியாயிக்கு வாய் நீளம் என்று தோட்டம் முழுக்கச் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த வாய் மட்டும் இல்லாவிட்டால், ஹல்துமுல்லை ஊருக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் எத்தனை பிள்ளைகள் மண்ணுக்குப் போயிருக்குமோ!

அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கூலி ஆட்கள் குடியிருந்த லயத்துக் கோடியில் கதவில்லாத ஒரு தகரக் கொட்டகை. அரசாங்கம் சட்டம் போட்டதால் துரை வேண்டாவெறுப்பாகக் கட்டியது. பெரியாயி அதற்கு ஆயா. கூட்டிப் பெருக்குவது பேருக்குத்தான். சிரங்கைக் கழுவி மருந்து போடுவது, பேன் பார்ப்பது, அட்டை கடித்த கால்களுக்குச் சுண்ணாம்பு வைப்பது, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருந்துக் காம்பராவுக்கு ஓடுவது எல்லாம் அவள்தான். புண் எரிகிறது என்று கத்துகிற பிள்ளையை நன்றாகத் திட்டுவாள். திட்டிக்கொண்டே ஊதியும் விடுவாள்.

கொக்கிப்புழு பிள்ளைகளின் இரத்தத்தை உறிஞ்சி முகத்தை வெளுக்க வைத்த காலம் அது. அதனால் அவ்வப்போது பூச்சி மருந்து நாள் வரும். முதல் நாள் இராத்திரி பட்டினி, காலையில் நாற்றம் பிடித்த எண்ணெய், பிறகு பேதி உப்பு. அன்று முழுக்கப் பிள்ளை படுத்தே கிடக்க வேண்டும், வெயிலில் நிற்கக் கூடாது என்று மருந்து கொடுக்கிற நல்லையா சொல்வார். சொல்வதோடு சரி. பெரிய கங்காணி இராசையாவைக் கண்டால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

போன தடவை கொழுந்து மும்முரம் என்று மருந்து குடித்த பிள்ளைகளையும் இராசையா பறிக்க மலைக்கு ஏற்றிவிட்டார். புஷ்பம் என்ற சிறுமி வெயிலில் சுருண்டு, தேயிலைக்கு நடுவே தண்ணீர் வடிய வெட்டியிருந்த கானுக்குள் விழுந்தாள். பெரியாயி அவளைத் தூக்கிக்கொண்டு இறங்குவதற்குள் உயிர் போய்விட்டது. காய்ச்சலில் செத்தாள் என்று தோட்டம் கதையை முடித்தது. பெரியாயி மட்டும் அதை ஏற்கவில்லை.

இந்தத் தடவையும் கொழுந்து மும்முரம்தான். பிள்ளைகள் பேதி போய்ச் சோர்ந்து, கொட்டகையில் சாக்கு விரித்துப் படுத்திருந்தார்கள். இராசையா கோட்டும் தலைப்பாகையுமாக வாசலில் வந்து நின்றார்.

"எழுப்பிவிடு எல்லாத்தையும். மலையில கொழுந்து முத்திப் போவுது."

"மருந்து குடிச்ச புள்ளைங்க, கங்காணியாரே. இன்னைக்கு ஒண்ணும் எந்திரிக்காது."

"யாருகிட்ட பேசுற? நாளைக்கே ஒன் சட்டி பானைய வெளிய எறிஞ்சிருவேன்!"

"எறிஞ்சுக்கங்க. புள்ளைங்க மேல மட்டும் கை வைக்காதீங்க."

அவர் ஆட்களைக் கூட்டிவரப் போனார். ஒருத்தியாக எத்தனை பேரைத் தடுப்பாள்? பெரியாயி மாடசாமியிடம் ஓடினாள். விடியலில் தப்புப் பறையடித்து ஆட்களை வேலை பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிடுகிறவன் அவன்தான். லயத்தில் சாவு விழுந்தால் அடிப்பவனும் அவனே. சாவுத் தப்பு கேட்டுவிட்டால் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அந்த வழக்கத்தில் மட்டும் எந்தத் துரையும் கை வைத்ததில்லை.

"தப்ப எடுத்துக்கிட்டு வாங்கண்ணே. பள்ளிக்கூடத்து வாசல்ல சாவுத் தப்பு அடிக்கணும்."

மாடசாமி பதறினான். "யாரு தாயி செத்தது?"

"இன்னும் யாரும் சாகல."

"உசுரோட இருக்கிற புள்ளைங்களுக்கா? அடுக்குமா இது?"

"புஷ்பத்துக்குச் செத்த பொறவுதானே அடிச்சீங்க. அவ எந்திரிச்சா வந்தா?"

மாடசாமி தப்பை எடுத்துத் தோல் இறுகத் தீயில் காட்டினான்.

இராசையா ஆட்களோடு திரும்பியபோது வாசலில் சாவுத் தப்பு அதிர்ந்துகொண்டிருந்தது. யார் பிள்ளையோ என்று தாய்மார்கள் மாரில் அடித்துக்கொண்டு மலையிலிருந்து ஓடிவந்தார்கள். உள்ளே பாய்ந்து தத்தம் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தார்கள். எல்லோருக்கும் மூச்சு இருந்தது. உடனே கோபம் பெரியாயியின் மேல் திரும்பியது.

"அடிப் பாவி, உசுரோட இருக்கிற புள்ளைக்கு எழவு கூட்டுறியே, நீ வெளங்குவியா?" என்று ஒருத்தி அவள் முடியைப் பிடித்தாள்.

பெரியாயி முடியை விடுவித்துக்கொள்ளக்கூட இல்லை. "நான் கூட்டல. இந்தா நிக்கிறாரே, இவருதான் கூட்ட வந்திருக்காரு. மருந்து குடிச்ச புள்ளைய மலைக்குக் கேக்குறாரு. குடுக்கிறவங்க குடுங்க!"

கூட்டத்தில் புஷ்பத்தின் தாயும் இருந்தாள். அவள் கொழுந்துக் கூடையைக் கழற்றி வாசலுக்குக் குறுக்கே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்தவளும் உட்கார்ந்தாள். முடியைப் பிடித்திருந்தவள் கையை விட்டுவிட்டு அவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

விஷயம் கேள்விப்பட்டுத் துரை குதிரையில் வந்தார். அவர் வருகிற வழியெல்லாம் மலை ஆளில்லாமல் கிடந்தது. பிள்ளைகள் இருக்கட்டும், பெண்கள் வேலைக்குப் போகட்டும் என்றார்.

"அடுத்த மருந்து நாளைக்கும் இதே பேச்சுத்தானுங்களா, தொரை?" என்று பெரியாயி கேட்டாள்.

பெண்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் துரை, இனி மருந்து நாளில் பிள்ளைகளைக் கூப்பிடுவதில்லை என்று தலையை ஆட்டிவிட்டுக் குதிரையைத் திருப்பினார்.

இராசையா சொன்ன சொல் தவறாதவர். மறுநாளே பெரியாயியின் சட்டி பானை லயத்துக்கு வெளியே கிடந்தது. அவள் அவற்றைப் பொறுக்கிப் பள்ளிக்கூடக் கொட்டகையின் மூலையில் வைத்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாடா இங்க, காலக் காட்டு" என்று சிரங்கு கழுவ உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த பூச்சி மருந்து நாளன்று, யாரும் கூப்பிடாமலே மாடசாமி வந்து, தப்பை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வாசலில் உட்கார்ந்திருந்தான். பிள்ளைகள் பொழுது சாயும்வரை உள்ளே தூங்கினார்கள். இராசையா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.