பன்னிரண்டு லாரி அரிசி

உளுந்தூர்பேட்டை பைபாஸில் பஞ்சர் கடை வைத்திருக்கும் வீரமணியிடம் லாரியைப் பற்றி யாரும் கதை விட முடியாது. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வரும் வண்டியில் எத்தனை டன் இருக்கிறது என்பதை, டயர் அமுங்கியிருப்பதைப் பார்த்தே சொல்லிவிடுவார். முப்பது வருடமாக டயரோடு டயராகக் கிடக்கும் மனிதர். அரசியல்வாதிகளுக்கு இந்த மாதிரி ஆட்களைத்தான் பிடிக்காது.

அவருடைய மருமகன் அஜித், கட்டட வேலைக்குப் போன நாட்டில் போருக்கு நடுவே மாட்டிக்கொண்டான். முகாமில் ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் குறைந்துகொண்டே வந்தது. மறுநாள் காலை அங்கிருந்து எல்லைக்கு ஒரு வேன் புறப்படுகிறது. வழியில் குண்டு விழுந்தாலும் விழும். ஏறுவதா, இருப்பதா என்று அவன் கேட்க, மகள் ராதிகா அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"தலைவரு அரிசி அனுப்பறாராம்ப்பா. பத்தே நாள்ல கப்பல் போய்ச் சேந்துடுமாம். அங்கயே இருக்கச் சொல்லட்டுமா?"

"இரும்மா, லாரிங்க இங்கதான் வருது. பாத்துட்டு சொல்றன்."

சாயங்காலம் பன்னிரண்டு லாரிகள் வந்து நின்றன. பக்கத்து மைதானத்தில் மேடை, கொடி, டிவி கேமரா. குண்டு வீச்சில் பசித்துக் கிடப்பவர்களுக்கு உதவி அனுப்புவதற்கு இங்கே வேட்டு வெடித்துக் கொண்டாடினார்கள். நம்மவர்களுக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும்!

ஒன்றியச் செயலாளர் தமிழழகன் வீரமணியை ஓரமாக அழைத்துப் போனார்.

"அண்ணே, பின்னால நிக்கற பதினோரு வண்டிக்கும் டயர்ல கொஞ்சம் காத்து எறக்கி வுடுங்க."

"இன்னாத்துக்குங்க?"

"காலி அட்டப்பொட்டிதான் ஏத்திக்கினு வந்திருக்கு. வண்டி தூக்கிக்கினு நிக்குது. டிவில தெரிஞ்சிடும் இல்ல?"

"அப்ப அரிசி?"

"மொத வண்டில இருக்குதே! மிச்சத்த அப்பறமா பாத்துக்கலாம். தலைவரு சொல்லிட்டாரு இல்ல, அதுவே பெரிய உதவிண்ணே."

சொன்னதே உதவியாம்! இதைச் சிரிக்காமல் சொல்வதற்கே தனித் திறமை வேண்டும்.

வீரமணி முடியாது என்றார். விட்டார்களா? வால்வை அமுக்க ஒரு குச்சி போதும். ஆளுக்கொரு டயராக உட்கார்ந்து கட்சிக்காரர்களே காற்றை இறக்கினார்கள். பாரம் தாங்காதவை போல லாரிகள் அமுங்கி நின்றன. மேடையில் தலைவர், ஓர் உயிரைக்கூடப் பசியில் வாட விடமாட்டோம் என்று முழங்கினார். கூட்டம் கை தட்டியது.

வீரமணி கூட்டத்தை விட்டு விலகி வந்தார். போனை எடுத்தார்.

"ராதிகா, மாப்ளய காலைல வேன்ல ஏறச் சொல்லு."

"இன்னாப்பா சொல்ற? டிவில பன்னண்டு லாரி நிக்குது. டயரு எப்டி அமுங்கிக் கெடக்குது! வழியில குண்டு போடறாங்களாம்ப்பா..."

"குண்டுன்னா தப்பிச்சாலும் தப்பிச்சிக்கலாம். இந்த அரிசிய நம்பினா செத்தே போயிடுவாரும்மா. ஏறச் சொல்லு."