பங்கு மண்டபத்தில் போட்ட பொன்னாடை

அந்தப் பொன்னாடை பச்சை நிறம், ஓரத்தில் சரிகை. உபதேசியார் அதை விரித்து என் தோளில் போட்டபோது புதுத் துணியின் வாசம் வந்தது. பங்கு மண்டபம் முழுவதும் கை தட்டியது. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் தட்டவில்லை. தன் அருகில் எனக்கென்று கதிரை பிடித்து வைத்திருந்தவர் அவர்தான்.

அந்த நாட்களில் மன்னார்த் தீவின் எங்கள் கரையில் படகு எஞ்சின்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. பொலிஸாரோடு சேர்ந்து ஊர் விழிப்புக் குழு ஒன்றை அமைத்தோம். மாலையில் மஞ்சள் மேலாடை போட்டுக்கொண்டு நாலைந்து பேராகக் கரையைச் சுற்றி வருவோம். ஆசிரியை என்பதால் என்னையும் சேர்த்திருந்தார்கள். கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார்தான் தலைவர். குழுவில் யாரும் நேரே பொலிசுக்குப் போவதில்லை. கண்டதை அவரிடம் சொல்வோம். சொன்னவரின் பெயரை விட்டுவிட்டு அவர் பொறுப்பதிகாரிக்குத் தெரிவிப்பார். எல்லோரும் எல்லோருக்கும் உறவான ஊரில் அந்த உறுதி இல்லாமல் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

அக்காவின் வளவுக்கும் என் வளவுக்கும் நடுவில் ஓலை வேலி. ஆள் குனிந்து போகும் அளவுக்கு அதில் ஓலை விலக்கி ஒரு பொட்டு வைத்திருந்தோம். தனியாக இருக்கும் எனக்கு மீன் குழம்பு அதன் வழியாகத்தான் வரும். ஒரு பின்னேரம் அந்தப் பொட்டுக்குள்ளால், அவருடைய மகன் ஓட்டோவில் எஞ்சின் ஒன்றை ஏற்றிச் சாக்கால் மூடுவதைக் கண்டேன். எஞ்சினின் தலையில் வெள்ளைச் சிலுவை வரைந்திருந்தது. அதைப் பறிகொடுத்த மனிதர் முந்தின நாள் கரையில் குந்தியிருந்து அழுததை நான் பார்த்திருந்தேன்.

அக்கா, உபதேசியாரின் கூடப்பிறந்தவர். அது தெரிந்தும் அவரிடம்தான் போனேன். அவர் முகம் கறுத்துப்போனது. பிறகு, "சுவாமியாரிட்டச் சொல்லுற பாவசங்கீர்த்தனம் மாதிரித்தான் டீச்சர். உங்கட பேர் என்னோட போகும்" என்றார். சொந்த மருமகனென்றும் பாராமல் பொலிசில் சொன்னார். அவர்மேல் எனக்கு அன்று வந்த மதிப்பு அதற்கு முன் எவர்மேலும் வந்ததில்லை.

அக்காவின் மகன் கைதாகி விளக்கமறியலுக்குப் போனான். அடுத்த கூட்டத்தில், பொலிஸ் அதிகாரிகள் முன்வரிசையில் இருக்க, உபதேசியார் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"எஞ்சின் பிடிபட்டது ஆராலை எண்டு கன பேர் கேக்கினம். நானில்லை. எங்கட டீச்சர்தான். வாங்கோ டீச்சர்."

அக்காவின் முழங்காலைத் தாண்டித்தான் மேடைக்குப் போக வேண்டியிருந்தது. அவர் காலை ஒதுக்கி வழிவிட்டார்.

மறுநாள் வேலிப் பொட்டு புது ஓலையால் அடைத்திருந்தது. நான் உபதேசியார் வீட்டுக்குப் போய், ஏன் என் பெயரைச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அக்கா என்னையெல்லோ சந்தேகப்பட்டவ. தாய்மாமனே காட்டிக்குடுத்திட்டான் எண்டு மண்ணள்ளித் திட்டினவ. நான் அவவின்ர முகத்தில முழிக்க வேண்டாமோ?"

"அப்ப நான்?"

"நீங்கள் படிச்சனீங்கள், டீச்சர். தாங்குவீங்கள்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பாராட்டுப் போலத்தான் சொன்னார்.

இந்த வருடம் அக்காவின் கணவர் இறந்துபோனார். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர்தான் சமைத்துக் கொடுப்போம். நானும் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்து, தெருவால் சுற்றிக் கொண்டுபோய் முற்றத்தில் நின்றவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சற்று நேரத்தில் என் படலையில் உபதேசியார் நின்றார். கையில் என் சட்டி. சட்டியின் வாயில் கட்டிய துணி அவிழ்க்கப்படவேயில்லை.

"அக்கா வேண்டாமெண்டிட்டா."

"பொலிசில சொன்னது நீங்கள்தான் எண்டு அவவுக்கு இன்னும் சொல்லேல்லையோ?"

"செத்த வீட்டில பழைய கதை என்னத்துக்கு, டீச்சர்?"

சட்டியைப் படலையோர மதிலில் வைத்துவிட்டு அவர் அக்கா வீட்டுக்குத் திரும்பிப் போனார். நான் அதை எடுக்காமல் நின்றேன். ஓலைக்கு அப்பால் அக்காவின் குரல், அழுது அடைத்த குரல், கேட்டது:

"இஞ்சை வா தம்பி. நீ இன்னும் ஒண்டும் சாப்பிடேல்லை."