ஆரஞ்சுக்கு மேல் பச்சை

2023 மார்ச் 14 அன்று மெர்லின் அறுபத்து மூன்று சட்டைகளின் நிறத்தை மாற்றினார். அதுவரை ஒரு நாளில் நாற்பதைத் தாண்டியதில்லை. எல்லாமே கணினித் திரையில் இருந்த சட்டைகள். அவற்றைப் போட்டிருந்தவர்கள் நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் குனிந்தும் மேலே ஏறியும் வேலை செய்த கான்ட்ராக்ட் ஆட்கள். காலையில் ஆரஞ்சாக இருந்தவர்கள் மாலையில் பச்சையாகிவிட்டார்கள்.

மெர்லினுக்கு அப்போது வயது முப்பத்தைந்து. வளர்ந்தது டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். அப்பா பாக்கியசாமி சுரங்கத்தில் பர்மனென்ட் ஊழியர். அவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள். கணவர் ஜெரால்டு கான்ட்ராக்ட் என்பதால் இப்போது டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்து ஊரில் வாடகை வீடு.

நிறத்தில் மெர்லினின் கண் பொல்லாதது. மாதா கோயில் திருவிழாவுக்கு அடித்த ஃபிளெக்ஸைப் பார்த்து, "இது போன வருஷத்து நீலம் இல்லையே" என்று சொல்லி, அச்சகத்தில் பழைய ஃபைலைத் திறக்க வைத்தவர். அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. அந்தக் கண்ணை நம்பித்தான் 2022இல் ஜெரால்டின் கம்பெனியே அவருக்கும் வேலை கொடுத்தது.

கம்பெனியின் பெயர் வெண்தளிர் இண்டஸ்ட்ரீஸ். ஆர்ச் கேட்டுக்கு அருகே மாடியில் அலுவலகம். முதலாளியின் மகள் பிரபாவதி சென்னையில் இருந்தபடி விளம்பரத்தைக் கவனித்தார். படங்களைப் பராமரிக்கும் மென்பொருளை வாங்கியவர் அவர்தான். லோகோ, பிரசுரம், எழுத்துரு, புகைப்படம் எல்லாம் அதில் ஒரே இடத்தில் இருக்கும். பயன்படுத்தலாம் என்றால் படத்தின் மூலையில் ஒரு டிக், கூடாது என்றால் பெருக்கல் குறி. யார் ஏற்றினார்கள், யார் திருத்தினார்கள், யார் இறக்கிக்கொண்டார்கள் என்பதெல்லாம் தேதியோடு வரிவரியாகப் பதிவாகும். ஒரு படத்தைத் திருத்தினால் பழைய பிரதி அழியாது. புதியதன் அடியில் கிடக்கும்.

"விசிட்டிங் கார்டுல இருக்கிற பச்சைதான் ஹெல்மெட்லயும் இருக்கணும், மெர்லின். பழைய பேரு எங்கயும் கண்ல படக் கூடாது" என்றார் பிரபாவதி.

பழைய பெயர்கள் இரண்டு இருந்தன. 2007 முதல் கோமுகி கன்வேயர்ஸ், ஆரஞ்சுச் சட்டை. 2014 முதல் கே.சி.டி. பெல்ட்டெக், நீலச் சட்டை. 2021 முதல் வெண்தளிர். முதலாளி ஒருவரே, ஷெட் ஒன்றே, ஆட்களும் அவர்களே. பெயர் மாறும்போதெல்லாம் ஆட்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு விலகுவார்கள், மறுநாள் புதுப் பெயரில் சேர்வார்கள். பழைய அடையாள அட்டையைக் கொடுத்தால்தான் புதியது கிடைக்கும். சர்வீஸ் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும். இது மெர்லினுக்குத் தெரியும். நெய்வேலியில் அந்த முதலாளியை அறிந்த எல்லாருக்கும் தெரியும்.

நல்ல படங்கள் எல்லாம் பழைய சட்டையில் இருந்தன. சுரங்கத்துக்குள் கேமரா கொண்டுபோக அனுமதி வாங்குவது பெரும்பாடு. படங்களைத் தூக்கிப்போட மெர்லினுக்கு மனம் வரவில்லை. சட்டையையும் ஹெல்மெட்டையும் மட்டும் மாற்றினால் என்ன என்று கேட்டவர் அவர்தான். பிரபாவதிக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துவிட்டது. அந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு மெர்லினுக்கு ஒரு மிக்ஸி பரிசாக வந்தது.

2025 செப்டம்பரில் ஜெரால்டும் இன்னும் இருபத்திரண்டு பேரும் கடலூர் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். 2007இலிருந்து ஒரே முதலாளியிடம்தான் வேலை செய்கிறோம், பதினெட்டு வருடத்தையும் சர்வீஸாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. கம்பெனியின் பதில் இரண்டு வரிதான். மனுதாரர்கள் 2021இல் சேர்ந்தவர்கள். குறிப்பிட்டுள்ள பழைய நிறுவனங்களோடு எங்களுக்குத் தொடர்பில்லை. ஆட்களுக்கு பி.எஃப். பிடிக்கத் தொடங்கியதும் உண்மையில் 2021இல்தான். கையில் காட்ட ஆட்களிடம் ஒன்றும் இல்லை.

"போட்டோ இருக்குமே. ரெண்டாயிரத்து ஒம்பதுல பெல்ட் ஜாயின்ட் போட்டுகினு இருக்கறப்போ எடுத்தாங்களே" என்றார் ஜெரால்டு.

மெர்லின் போனில் திறந்து காட்டினார். ஜெரால்டு வெகுநேரம் பார்த்தார்.

"மூஞ்சி என்னுது. சட்ட யாருது?"

விரலால் திரையை விரித்து ஹெல்மெட்டைப் பெரிதாக்கினார்.

"வெண்தளிருன்னு எழுதியிருக்குதேடி. அப்ப அந்தப் பேரே பொறக்கலியே."

"பழசு அடியில இருக்குங்க. எடுத்துடலாம்."

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை தனகோட்டி அவர்கள் வீட்டுக்கு வந்தார். மனுக்காரர்களில் மூத்தவர், வக்கீலைப் பார்ப்பதும் அவர்தான்.

"எல்லாத்தியும் மாத்தின, எந்தலைய மட்டும் வழுக்கையாவே வுட்டுட்டியே தங்கச்சி. ரெண்டு முடி வெச்சிருந்தா கொறஞ்சா பூடுவ?" என்றார். யாரும் சிரிக்காததால் விஷயத்துக்கு வந்தார். "வக்கீலு வெறும் போட்டோ ஒதவாதுன்றாரு. ஆரஞ்சு சட்ட போட்டோவ நாம காட்டினா, கம்பெனிக்காரன் பச்ச சட்டைய காட்டுவான். ஜெரால்டு பொண்டாட்டிக்குப் படத்துல சட்ட மாத்தத் தெரியும், ஊருக்கே தெரியும், அதுதான் ஆரஞ்சு பூசிச்சின்னு சொல்லிருவான். எது மொதல்ல வந்துதுன்னு காட்டணுமாம்."

அதைக் காட்டக்கூடிய இடம் ஒன்றே ஒன்று, மென்பொருளின் வரலாற்றுப் பக்கம். செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் மெர்லின் அதைத் திறந்தபோது மேலே மஞ்சள் பட்டையில் ஓர் அறிவிப்பு இருந்தது. தொண்ணூறு நாளுக்கு மேற்பட்ட பழைய பிரதிகளும் அவற்றின் வரலாறும் அக்டோபர் 31 மாலை ஆறு மணிக்கு நிரந்தரமாக நீக்கப்படும். அமைத்தவர் பிரபாவதி. அமைத்த தேதியையும் மென்பொருள் காட்டியது. மனுவின் நகல் கம்பெனிக்குக் கிடைத்ததற்கு மறுநாள்.

வியாழக்கிழமை மேனேஜர் பன்னீர்செல்வம் மெர்லினின் மேசைக்கு வந்தார். குரலை உயர்த்தி யாரும் கேட்டிராத மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வேலையெல்லாம் எப்படிம்மா போவுது?"

"போவுது சார்."

"பழைய போட்டோவெல்லாம் பாக்கறியாமே. ஹிஸ்டரி பேஜ்ல உன் பேரு காட்டுதுன்னு மேடம் சொன்னாங்க."

"படங்களோட டேக் சரி பார்த்தேன் சார்."

"பாரு, பாரு. அதுக்குத்தான சம்பளம்." எழுந்தவர் நின்றார். "ஜெரால்டுக்கு அடுத்த வாரம் எந்த ஷிப்டு?"

"பி ஷிப்டு சார்."

"நான்தான் போட்டேன், மறந்துட்டேன் பாரு. ஓடற பெல்ட்டு பக்கத்துல வேலை. கவனமா இருக்கச் சொல்லும்மா."

நாற்காலியை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

வீட்டில் மெர்லின் இதைச் சொன்னபோது ஜெரால்டு, "நீ எடுக்க வாணாம். வேற வழி பாத்துக்கலாம்" என்றார்.

"வேற வழி என்னங்க?"



மறுநாள் அக்டோபர் 31. காலை பதினொன்று இருபதுக்கு, மற்றவர்கள் டீக்கு இறங்கிப் போயிருந்தபோது, மெர்லின் அந்த இருபத்து மூன்று பேரில் யாராவது இருக்கும் படங்களைப் பிரித்தெடுத்தார். அறுபத்தோரு படங்கள் வந்தன. ஒவ்வொன்றின் மூலப் பிரதியையும் இறக்கினார். பிறகு வரலாற்று அறிக்கைக்கான பொத்தானுக்கு வந்தார்.

அறிக்கையில் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வரி. முதல் வரி: மூலப் பிரதி ஏற்றப்பட்டது, ஆகஸ்ட் 2022. இரண்டாவது வரி: சட்டை, ஹெல்மெட் லோகோ மாற்றப்பட்டது, திருத்தியவர் மெர்லின். அறுபத்தோரு முறையும் அதே பெயர். யார் சொல்லித் திருத்தினார் என்று எழுத அதில் கட்டம் கிடையாது. பெயர்களை மறைக்க ஒரு வசதி இருந்தது. மெர்லின் அதை அழுத்திப் பார்த்தார். அறிக்கையின் அடியில், 'இதில் சில விவரங்கள் மறைக்கப்பட்டுள்ளன' என்று ஒரு வரி விழுந்தது. விசாரணையில் எதிர்த்தரப்பு முதலில் விரல் வைக்கப்போவது அந்த வரியில்தான். மறைத்ததை நீக்கிவிட்டு, முழுப் பெயரோடு இறக்கித் தன் மின்னஞ்சலுக்கு அனுப்பினார்.

மாலை ஆறு மணி ஆகும்வரை இடத்தை விட்டு எழவில்லை. ஆறு மணிக்கு ஜெரால்டின் படத்தைத் திறந்தார். அடியில் எதுவும் இல்லை. பச்சைச் சட்டை மட்டும் இருந்தது, பிறந்ததிலிருந்தே அப்படி இருந்ததுபோல.

இந்திரா நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தார். ஜெரால்டு வீட்டில் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"எல்லாத்துலயும் உம்பேருதான் இருக்குது."

"நாந்தான பண்ணேன்."

"போட்டோவத் திருத்திப் போட்டவன்னு உன்னத்தான நிக்க வெச்சிக் கேப்பாங்க."

"கேக்கட்டும். அப்பதான் பழசு எதுன்னு ரிக்கார்டுல ஏறும்."

"வேல பூடும்."

"எனக்குப் போனா போவட்டுங்க" என்றார் மெர்லின். பன்னீர்செல்வம் சொன்ன ஓடுகிற பெல்ட்டைப் பற்றிய பயத்தை அவர் சொல்லவில்லை. ஜெரால்டுக்கும் அது தெரிந்திருந்தது. மெர்லின் அறிக்கையை மடிக்காமல் உறையில் போட்டு, தனகோட்டி வந்து வாங்கிப்போகும்வரை பைபிள் இருந்த அலமாரியில் வைத்தார்.

விசாரணை நவம்பர் 6, வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்கு. யார் யார் எந்தப் படத்தை இறக்கினார்கள் என்ற வாரப் பட்டியலை மென்பொருள் திங்கள் காலை எட்டு மணிக்குத் தானாகவே பிரபாவதிக்கும் பன்னீர்செல்வத்துக்கும் அனுப்பும். அதற்கும் விசாரணைக்கும் நடுவில் ஜெரால்டுக்கு, ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில், மூன்று ஷிப்டு இருக்கிறது.