இந்தத் தோலுக்கு யார் பங்காளி?

எங்கள் வலியசாலைத் தெருவில் குழந்தை பிறந்தால் முதல் வேலை என்ன தெரியுமா? பெயர் வைப்பது இல்லை. பங்கு பிரிப்பது! மூக்கு எங்கள் பக்கம், காது உங்கள் பக்கம்...

என் அக்கா மகள் வித்யாவின் பையனுக்கும் அப்படித்தான். நெற்றியை அக்கா எடுத்துக்கொண்டாள். புருவத்தைச் சம்பந்தி மாமி விட்டுக்கொடுக்கவே இல்லை. கால் சுண்டுவிரலுக்குக்கூட வழக்கு நடந்தது.

பாலை நிறுத்திவிட்டு வித்யா கழக்கூட்டம் என்ற ஊரிலுள்ள தன் ஐ.டி. வேலைக்குத் திரும்பினாள். கொஞ்ச நாளில் குழந்தைக்கு வாயைச் சுற்றி, டயபர் கட்டும் இடத்தில், விரல்களில் எல்லாம் சிவந்து தோல் உரிந்தது. கூடவே வயிற்றுப்போக்கு. முடியும் கொட்டியது. எண்ணெய், க்ரீம், பவுடர் — எதற்கும் அடங்கவில்லை.

இப்போது பாருங்கள், இந்தத் தோலுக்குப் பங்கு கேட்டு ஒருவரும் வரவில்லை! "எங்காத்துல யாருக்கும் இப்படி வந்ததில்லை" என்றாள் அக்கா. சம்பந்தி மாமியும் அதையேதான் சொன்னார். இருவரும் ஒத்துப்போய் நான் பார்த்த ஒரே விஷயம் இதுதான். பழியெல்லாம் வித்யாவின் வேலை மேல். பாலை நிறுத்தியதால்தானாம்! பாவம், வேலையை விடுவதென்று அவளும் முடிவே செய்துவிட்டாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

தோல் டாக்டர் பார்த்ததுமே ஜிங்க் குறைவு என்று சந்தேகப்பட்டார். ரத்தம், ஜீன் என்று பரிசோதனைகள் எழுதி, ஜிங்க் மருந்தையும் உடனே ஆரம்பித்தார். சில நாளிலேயே குழந்தையின் அழுகை நின்றது. தோல் ஆறத் தொடங்கியது. வித்யாவின் மனசுதான் ஆறவில்லை.

முடிவுகள் வந்த அன்று அவளோடு இரண்டு சம்பந்திகளும் போனார்கள். காவலுக்கு நானும். சாப்பாட்டிலுள்ள ஜிங்க்கைப் பையனின் குடல் பிறவியிலேயே சரியாக எடுத்துக்கொள்ளாதாம். தாய்ப்பாலில் இருப்பது மட்டும் சுலபமாகச் சேருமாம். அதனால்தான் அதுவரை வெளியே தெரியவில்லை.

"நான் நிறுத்தினதாலயா டாக்டர்?" என்றாள் வித்யா.

"அல்ல மோளே," என்றார் அந்த மலையாளி டாக்டர். "எப்ப நிறுத்தியிருந்தாலும் வந்திருக்கும். அம்மா வழி ஒண்ணு, அப்பா வழி ஒண்ணு, ரெண்டும் சேர்ந்தாத்தான் இந்தக் குறை வரும்."

வித்யா அங்கேயே அழுதுவிட்டாள். சம்பந்திகள் இருவரும் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மருந்து ஆயுசுக்கும் வேண்டும். தவறாமல் கொடுத்தால் பையன் ஜம்மென்று இருப்பான்.

நேற்று அவன் பொக்கை வாயைத் திறந்து ஒரு சிரிப்புச் சிரித்தான். "சிரிப்பு எங்க பக்கமாக்கும்" என்று இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். வித்யா ஹேண்ட்பேகைத் தோளில் மாட்டிக்கொண்டு, மருந்து பாட்டிலை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"இதுவும் ரெண்டு பக்கமும்தான். மறக்காம குடுங்கோ. நான் ஆபீஸுக்குக் கிளம்பறேன்."

இந்தச் சாமர்த்தியம் மட்டும் சித்தியான என் பக்கம் — அதில் வழக்கே வேண்டாம்!