கொசு தவறவிட்ட நரம்பு

அவளுக்குக் கொசு என்று பெயர் வைத்தவர்கள் நோயாளிகள்தான். கடித்துவிட்டுப் போன பிறகுதான் தெரிகிறது என்று மெச்சினார்கள். அடையாள அட்டையில் வேறொரு பெயர் இருந்தது; அதைக் கேட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்.

மருத்துவப் படிப்பை முட்டி மோதி முடித்து, பயிற்சி டாக்டராக ஆண்கள் வார்டில் வந்து விழுந்தவள், வந்த வாரமே ஒரு தப்புச் செய்தாள். ஆளாளுக்குக் குத்திப் பார்த்துக் கைவிட்ட ஒருவரிடம், ஒரே குத்தில் இரத்தம் எடுத்துவிட்டாள். திறமையை வெளியே காட்டினால் என்ன கதி என்று எந்தப் பாடப் புத்தகமும் எச்சரிக்கவில்லை. அன்றிலிருந்து வார்டில் எந்தக் கை நீண்டாலும் கொசுவுக்குத்தான் ஆள் போகும். வார்டின் பெரிய டாக்டரான சீஃப் ஒரு படுக்கையைச் சுற்றி எல்லோரையும் நிற்கவைத்து இதயத்தின் சத்தத்தை விளக்கும்போது, இவள் அடுத்த படுக்கையில் ரப்பர் பட்டை கட்டிக்கொண்டிருப்பாள். சீஃபின் முதுகை அவளால் கண்ணை மூடிக்கொண்டு வரைய முடியும். அவர் சொன்ன பாடம் மட்டும் காதில் விழுந்ததேயில்லை.

அம்மா போன் செய்தால் இரண்டு கேள்வி. “சாப்பிட்டியா?” என்பதற்குச் சுலபமாகப் பொய் சொல்லிவிடலாம். “என்ன சாப்பிட்டே?” என்பதுதான் கஷ்டம். “கூப்பிடறாங்கம்மா” என்று வைத்துவிடுவாள். அது ஒருநாளும் பொய்யாகப் போனதில்லை.

அடுத்த வாரத்தோடு பயிற்சி முடிகிறது. எங்கோ ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. அங்கே டாக்டர் என்றால் அவள் ஒருத்திதான். மூச்சு நின்றவரின் தொண்டைக்குள் குழாய் இறக்க அவளுக்குத் தெரியாது. ரப்பர் பொம்மைக்குப் போட்டிருக்கிறாள். பொம்மை பிழைத்துக்கொண்டது, அதற்கு வேறு வழியில்லை. ஆனால் நிஜ மனிதர் ஒருவர் நீலம் பாரித்து வந்து விழுந்தால், அவரிடமிருந்து மிக அழகாக இரத்தம் எடுக்கத்தான் தன்னால் முடியும் என்று அவளுக்குத் தெரியும்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் மேடம் இரக்கப்பட்டார். “நாளைக்குக் காலையில ஆபரேஷன் தியேட்டருக்கு வா. நான் பக்கத்துல நிக்கிறேன், குழாயை நீயே இறக்கு. நாளான்னைக்கு நான் லீவுல போயிடுவேன். அப்புறம் என்னைத் திட்டிப் பிரயோஜனமில்லை.” இப்படி ஏற்கெனவே கூப்பிட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் லிஃப்ட் வாசலிலேயே அவளைப் பிடித்து இழுத்துவந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை, தலைமை நர்ஸ் சரியாக வழியை மறித்தார். “கொசும்மா, எங்க ஓடறே? ஜன்னலோரத்துக் கண்டக்டர் பாக்கி.”

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். காலமெல்லாம் கம்பியைப் பிடித்து நின்ற கை. நரம்பு கயிறு போலப் புடைத்துக் கிடந்தது. கண் தெரியாதவர்கூட எடுத்துவிடலாம். அதைப் பார்த்ததும் அவளுக்குக் குறுக்குப் புத்தி ஒன்று உதித்தது. நல்ல பேர் இருப்பதால்தானே இந்தப் பாடு? கெடுத்துக்கொண்டால் என்ன?

ஊசியை நரம்புக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே இறக்கினாள். அவர் முகம் சுளித்தது. இவளுக்கும் எங்கோ சுருக்கென்றது.

“என்னம்மா, நீயுமா?”

“இன்னைக்கு எனக்குக் கை சரியில்லைங்க. இவர் எடுப்பார்.” ஊசித் தட்டைப் பக்கத்தில் நின்ற சக பயிற்சி டாக்டரின் கையில் திணித்தாள். ரவுண்ட்ஸில் கேள்வி வரும்போதெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொள்வதால் அவன் பெயர் பல்லி.

“டிக்கெட் குடுக்காமலே இறங்கிப் போறியே தாயி!” என்று கண்டக்டர் கத்தியது மாடிப்படி வரை கேட்டது.

தியேட்டரில் நோயாளிக்கு முகமூடி வழியாக ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது. மேடம் அவளுடைய இடது கையில் தொண்டையைத் திறந்து பார்க்கும் கருவியை வைத்து விரல்களை மடக்கிவிட்டார். “பதறாதே. நாக்கை ஒதுக்கிட்டு மேலே தூக்கு. வழி தானாத் தெரியும்.”

சுவரில் இருந்த போன் அடித்தது. அவளுக்குத்தான். ஒரு நர்ஸ் அதை அவள் காதில் வைத்தார். பல்லி பேசினான்.

“கொசு, கவலைப்படாதே. அந்தாளுக்கு நரம்பே இல்லைன்னு முடிவாயிடுச்சு.”

“யாருடா முடிவு பண்ணினது?”

“நீயே தவறவிட்டேன்னா வேற என்ன அர்த்தம்? நான் தொடக்கூட இல்லை. சீஃப் கழுத்து நரம்புல ஊசி போடறேன்னு கிளவுஸ் மாட்டிட்டார். கழுத்தைத் துடைச்சாச்சு.”

“டேய், கயிறு மாதிரி இருக்குடா! கையில குத்திப் பாரு!”

“கொசுவுக்கே கிடைக்காதது எனக்குக் கிடைச்சிடுமாக்கும்? நான் வாங்கிக் கட்டிக்கணுமா?”

கழுத்து ஊசி நீளமானது. கொஞ்சம் சறுக்கினால் நுரையீரலில் ஓட்டை. அதுவும் கயிறு போன்ற நரம்பை வைத்துக்கொண்டிருக்கிற மனிதருக்கு. அவள் மேடத்தைப் பார்த்தாள்.

“போனா போனதுதான்டி. உனக்காக இவரை நிறுத்திவைக்க முடியாது.”

கருவியை மேடத்தின் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள்.

கண்டக்டரின் தலையை ஒரு பக்கம் திருப்பி, முகத்தைப் பச்சைத் துணியால் மூடியிருந்தார்கள். சீஃபின் கையில் ஊசி. “நிறுத்துங்க சார்!” என்று நடுவில் புகுந்து, ரப்பர் பட்டையைக் கட்டி, ஒரே குத்து. டியூப் சிவப்பாக நிறைந்தது.

“பார்த்தீங்களா!” என்றார் சீஃப் எல்லோரையும் பார்த்து. “இவ இல்லாட்டி இந்த வார்டு நடக்குமா?”

“சார், நான் வேணும்னேதான் தவறவிட்டேன். தியேட்டருக்குப் போகணும்னு.”

சீஃப் வாய்விட்டுச் சிரித்தார். “என்ன தன்னடக்கம்! பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கிறா பாரு!”

“நிஜமாத்தான் சார்.”

தலைமை நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பல்லி கைதட்டினான்.

“நான் நம்பறேம்மா,” என்றது பச்சைத் துணிக்குள்ளிருந்து ஒரு குரல். “வலிச்சது எனக்குத்தானே.”

அவர் சொன்னதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் தியேட்டருக்குப் போன் செய்தாள். “இறக்கியாச்சு,” என்றார் மேடம். “சுலபமான தொண்டைடி. கண்ணெதிரே வழி பளிச்சுன்னு தெரிஞ்சுது. நான் லீவு முடிஞ்சு வரும்போது நீ போயிருப்பே, இல்ல?”

“ஆமா மேடம்.”

போனை வைக்கும்போதே தலைமை நர்ஸ் புதுத் தட்டோடு வந்து நின்றார். பெண்கள் வார்டிலிருந்தும் அவளைக் கூப்பிட ஆள் வந்திருந்தது.