கிராஃப் அக்காவும் சூடே ஏறாத டிரான்சிஸ்டரும்

அந்தப் பட்டறையில் எல்லோருக்கும் அவள் கிராஃப் அக்கா. கணினித் திரையில் ஏதாவது ஒரு கோடு வளைந்து நெளிந்து ஓடிக்கொண்டே இருக்கும். அவள் அதை முறைத்தபடி உட்கார்ந்திருப்பாள். முதலாளி அவளைவிட மூத்தவர். அவருக்கும் அவள் அக்காதான்.

பட்டறையில் செய்வது வாசல் கதவுக்கான பேசும் பெட்டி. கீழே நிற்பவர் பொத்தானை அழுத்தி "நான்தான் வந்திருக்கேன்" என்றால் மாடியில் கேட்கும். புதிய சர்க்யூட் எதுவானாலும், பற்றவைப்பதற்கு முன் அதைக் கணினியில் வரைந்து ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. ஓட்டுவதற்கு ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் குணமும் கணினிக்குத் தெரிய வேண்டும். அந்தக் குணத்தையெல்லாம் எண்களாக அடக்கிய சின்னக் கோப்புதான் மாடல். டிரான்சிஸ்டரைச் செய்த கம்பெனிகள் சில கொடுக்கும். கொடுக்காதபோது, யாரோ எங்கேயோ இணையத்தில் போட்டு வைத்திருப்பதை எடுக்க வேண்டும். பல மாடல்கள், ஆளையே பார்க்காமல் எழுதிக் கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி இருக்கும். அதனால் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறவள்போல, ஒவ்வொரு மாடலையும் கம்பெனி அச்சிட்ட வரைபடங்களோடு ஒத்துப் பார்த்துத்தான் சேர்ப்பாள்.

அப்படிப் பார்த்துச் சேர்த்த ஒன்றுதான் அவளைக் கவிழ்த்தது.

புதிய பெட்டி காலையில் மணிமணியாகப் பேசியது. வெயில் ஏறியதும் தொண்டை கட்டிக்கொண்டது. வந்தவர் கடன்காரரா, மாப்பிள்ளையா என்று மாடியில் இருப்பவருக்கு விளங்கவில்லை.

"சூடுதான் காரணமோ?" என்று முதலாளி அப்போதே கேட்டார்.

கிராஃப் அக்கா கணினியில் வெப்பத்தை ஏற்றிப் பார்த்தாள். கோடு அசையவில்லை. "சூடு இல்ல சார், வேற எதுவோ" என்று அடித்துச் சொன்னாள். அவள் பேச்சை நம்பி மைக்கை மாற்றினார்கள், ஸ்பீக்கரை மாற்றினார்கள், பெட்டியையே மாற்றினார்கள். வெயில் வந்தால் மறுபடி கரகரப்பு.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, உங்க திரையில நல்லாத்தான் பாடுது. வாசல்ல இருமுது. வாங்குறவங்க திரையையா வாங்குறாங்க? இது சரியா வரலைன்னா கம்ப்யூட்டரை மூடிடலாம். பழையபடி பத்தவச்சே பாத்துக்கலாம். நீங்க பேக்கிங் பக்கம் வந்துடுங்க."

பேக்கிங் மட்டமான வேலை ஒன்றுமில்லை. ஆனால் டெஸ்டிங் மேசையில் நின்றபடியே, மற்றவர்கள் சாப்பிடப் போன நேரங்களில் தானாகக் கற்றுக்கொண்டு பிடித்தது இந்தக் கணினி நாற்காலி. விட மனம் வருமா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில் டிரான்சிஸ்டர் பாக்கெட்டைக் கொட்டினாள். ஒருவேளை சரக்கே கலப்படமோ என்று சந்தேகம். மீட்டரின் துளையில் ஒவ்வொன்றாகச் செருகினால், உள்ளே வரும் கரண்ட்டை அது எத்தனை மடங்கு பெருக்குகிறது என்று எண் வரும். பட்டறையில் அதைக் கெயின் என்பார்கள். பாதியை அவள் பார்த்தாள்; மீதியைக் கணவரிடம் தள்ளினாள். அவர் பஸ் ஓட்டுபவர். லீவு நாளில் கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவர்.

அவளுக்கு வந்த எண்களெல்லாம் இருநூறை ஒட்டி. அவருக்கு வந்தவையெல்லாம் அதற்கு மேலே.

"என்னங்க, எண்ணைச் சரியாப் படிக்கிறீங்களா?"

"பஸ் நம்பர் படிக்கிற கண்ணு இது. தப்பா படிச்சா ஊரே வேற எடத்துல இறங்கியிருக்கும்."

"நல்லதெல்லாம் பொறுக்கி எடுத்துக்கிட்டீங்களோ?"

"ஆமா, இதுல நல்லது கெட்டது எனக்குத் தெரியுது பாரு!"

பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மாமியார் தலையை நிமிர்த்தினாள். "கொஞ்சம் மெதுவா சண்டை போடுங்க. ஈ கால் மாதிரி ஒண்ணுக்காகப் புருஷன் பொண்டாட்டி அடிச்சுக்கிட்டாங்கன்னா வெளியில சொல்லவே கூச்சமா இருக்கும்."

அவள் வெடுக்கென்று அவரிடமிருந்து மீட்டரை டிரான்சிஸ்டரோடு பிடுங்கித் தன் முன்னால் வைத்தாள். எண் மெல்ல இறங்கியது. இருநூற்று முப்பதில் இருந்தது, அவள் பார்க்கப் பார்க்க இருநூற்றுப் பத்துக்கு வந்து நின்றது.

"இன்னொரு தடவை புடிங்க."

"இப்பத்தானே பிடுங்குனே?"

"புடிங்களேன்!"

அவர் முன்புபோலவே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் டிரான்சிஸ்டரைக் கிள்ளிப் பிடித்தார். துளையில் செருகிய பிறகும் அவர் விரலை எடுப்பதில்லை. எங்கே ஓடிவிடுமோ என்று பிடித்துக்கொண்டே இருப்பார். எண் ஏறியது. அவள் மேசைக்கடியில் அவர் இன்னொரு கையைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுவென்று இருந்தது. அவள் விரல்களோ ஜில்லிட்டிருந்தன.

"அத்தை, இவர் கை எப்பவுமே இப்படித்தானா?"

"பொறந்தப்பவே அப்படித்தான். காய்ச்சல்னு நினைச்சு டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினேன்."

சூடு ஏறினால் கெயின் ஏறும். அவள் படிக்காதது இல்லை. பரீட்சையில் எழுதியே இருக்கிறாள். ஒத்துப் பார்த்த வரைபடங்களெல்லாம் சாதாரண அறைச் சூட்டுக்கானவை; சூட்டுக் கணக்கும் மாடலுக்குள் இருக்கும் என்று நம்பியதுதான் கோளாறு. ஓடிப்போய் வீட்டுக் கணினியில் மாடல் கோப்பைத் திறந்தாள். எல்லா எண்ணும் இருந்தது. சூட்டுக்குக் கெயின் எவ்வளவு மாறும் என்று சொல்லும் ஒரே ஓர் எண்ணை மட்டும் எழுதியவர் விட்டிருந்தார். எழுதாவிட்டால் கணினி அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். திரையில் இருந்த டிரான்சிஸ்டருக்கு அடுப்பும் ஐஸும் ஒன்றுதான்.

கணவர் கையை வைத்துக் கணக்குப் போட முடியாது. டிரான்சிஸ்டருக்கு நீளக் கம்பி பற்றவைத்து, பிளாஸ்டிக்கில் சுற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தில் தெர்மாமீட்டரோடு தொங்கவிட்டாள். தண்ணீர் ஆற ஆற, அவர் எண்ணைப் படிக்க, அவள் கணினியில் தட்டினாள். மாமியார் பட்டாணி வேகவைக்கப் பாத்திரம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கடைசியில் தானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இப்ப எவ்வளவு?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

திங்கள் காலை, கிடைத்த எண்ணை மாடலில் சேர்த்தாள். முதலாளியையும் பற்றவைக்கும் பெண்ணையும் பக்கத்தில் நிற்கவைத்து வெப்பத்தை ஏற்றினாள். திரையில் அழகாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த குரலின் அலை, கீழ்ப்பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் தட்டையாகிவிட்டது.

"கெட்டுப்போச்சா?" என்றார் முதலாளி.

"கெட்டுப்போச்சு சார்!" என்று எழுந்தே விட்டாள்.

"அப்பாடா! நம்ம வாசல்ல கெடுற மாதிரியே கெடுது!" அவர் கை தட்டினார்.

"புள்ளை பாஸான மாதிரி ரெண்டு பேரும் குதிக்கிறீங்க. கெட்டதுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்றாள் பற்றவைக்கும் பெண்.

"கெட்டாத்தானே எங்க வைத்தியம் பண்ணணும்னு தெரியும்?" என்ற கிராஃப் அக்கா, சர்க்யூட்டில் ஓரிடத்தைச் சுட்டினாள். "கெயின் கூடினா இழுத்துப் பிடிக்க இங்க ஒரு ரெசிஸ்டர் வேணும் சார். அதைக் காணோம்."

முதலாளி கனைத்துக்கொண்டார். "அது... இருந்துச்சு. எதுக்கு ஒண்ணு அதிகமான்னு, படம் உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி நான்தான் எடுத்தேன்."

பெண்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

ரெசிஸ்டரைத் திரையில் போட்டதும் சூட்டிலும் அலை வெட்டுப்படாமல் முழுசாக ஓடியது. பலகையிலும் பற்றவைத்து, பெட்டியை உச்சி வெயிலில் வாசல் கேட் அருகே மாட்டினார்கள். நன்றாகக் காயவிட்டு, பற்றவைக்கும் பெண் பொத்தானை அழுத்தினாள்.

"முதலாளி, போன வருஷம் எங்க மேசைக்கு ஃபேன் போடறேன்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

உள்ளே ஒரு சொல் தேயாமல் கேட்டது.

"ரொம்பத் தெளிவாத்தான் கேக்குது," என்று முதலாளி முணுமுணுத்தார். பிறகு கிராஃப் அக்காவைப் பார்த்தார். அவள் அதற்குள் அடுத்த மாடல் கோப்பைத் திறந்து, அதிலும் அந்த எண் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்திருந்தாள்.

"பேக்கிங்குக்கு இனி வேற ஆளைத்தான் பாக்கணும்" என்றார்.

"பாருங்க சார்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.