மணியம்மாள் வீட்டு நிலைப்படி

மணியம்மாள் அக்காவைப் பத்திச் சொல்லணும்னா முதல்ல என் வாயைத்தான் திட்டணும். நான் அப்பாசாமி. ரமணாசிரமம் பக்கம் வீடு பிடிச்சுக் குடுக்கற புரோக்கர். பதினெட்டு வருஷமா இந்த வாயாலதான் பொழைக்கறேன்.

அக்கா கீழ்பென்னாத்தூர் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துக்கு தினம் பஸ் ஏறிப் போய் முப்பது வருஷம் சத்துணவு சமைச்சவங்க. ரிடையர் ஆனப்ப புருஷன் போய்ச் சேர்ந்தாச்சு, பிள்ளைங்க இல்ல. செங்கம் ரோட்டுக்கு உள்ள தள்ளி, மாமியார் வழியில வந்த ஓட்டு வீடு இருந்துச்சு. கூடவே, அடுப்பண்ட நின்னு நின்னு தேஞ்சுபோன ரெண்டு முட்டி.

முன் ரூம் ரெண்டையும் வாடகைக்கு விட்டுத் தரச் சொன்னாங்க. போய்ப் பாத்தேன். கூடத்துக்கும் சமையக்கட்டுக்கும் நடுவுல அரை முழ உசரத்துக்கு ஒரு தேக்கு நிலைப்படி. அதைப் போட்டோ எடுத்து, 'பாரம்பரிய வீடு'னு நெட்ல போட்டேன். ஒரே வாரத்துல வெளிநாட்டு ஆளுங்க வந்துட்டாங்க. அதுல இருந்து அந்த வார்த்தைய எல்லா வீட்டுக்கும் ஒட்டினேன். முந்தாநேத்து ஓடு போட்ட கொட்டாயைக்கூட விடல. அர்த்தம் கேட்டா எனக்கே சரியாத் தெரியாது.

அக்கா கேட்டாங்க. "தம்பி, ஆசாரிய வெச்சு இந்தப் படிய அறுத்துத் தரைமட்டம் பண்ணிக்கட்டுமா? காலத் தூக்க முடியல."

"ஐயோ அக்கா, அதுதான் பாரம்பரியம். அதுல கைய வெச்சா ஒருத்தனும் வர மாட்டான்."

"பாரம்பரியம்னா என்னா?"

"உங்க மாமியார், அவங்க மாமியார்லாம் உங்களுக்கு விட்டுட்டுப் போனது."

"எங்க மாமியாரு இதுல தடுக்கித்தான் விழுந்தாங்க. அதையுமா விட்டுட்டுப் போனாங்க?"

சிரிச்சுட்டேன். அவங்களும் சிரிச்சாங்க. டீயக் குடிச்சுட்டு டம்ளரைக்கூட எடுத்து வெக்காம வந்துட்டேன். அப்புறமும் ரெண்டு தடவை கேட்டாங்க. ரெண்டு தடவையும் அதே பதில்தான். என் கமிஷன் என் கண்ணை மறைச்சுது, வேற என்னா.

போன ஆடியில, குடியிருக்கறவங்களுக்குக் காபி எடுத்துட்டு வரப்ப அந்தப் படியில தடுக்கி விழுந்தாங்க. இடுப்பெலும்பு உடைஞ்சு, ஆஸ்பத்திரியில பிளேட் வெச்சு அனுப்பினாங்க.

நான் ரெண்டு வாரம் எட்டிப் பாக்கல. ஜாஸ்தி வேலைனு எல்லார்கிட்டயும் சொன்னேன். பொய். அவங்க மூஞ்சியப் பாக்க எனக்குப் பயம். அப்புறம் ஒரு நாள் ஆப்பிள் வாங்கிட்டுப் போய்க் கட்டிலண்ட நின்னேன். திட்டுவாங்கனு எதிர்பாத்தேன். திட்டியிருந்தா எனக்கு எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்.

"வா தம்பி, சாப்ட்டியா?"ன்னாங்க. அப்புறம் மெதுவாக் கேட்டாங்க.

"தப்பா நினைக்காத தம்பி. இப்பவாச்சும் அந்தப் படிய எடுத்துக்கலாமா? வர்றவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"